பாலிமர் ஆய்வுக் கட்டுரையைச் செய்முறைப் பகுதியிலிருந்து படியுங்கள்

புதிதாக ஒரு பாலிமர் கட்டுரை கையில் கிடைத்ததும் பெரும்பாலும் நாம் என்ன செய்கிறோம்? தலைப்பைப் பார்ப்போம், சுருக்கத்தைப் படிப்போம், கலர் கலராக இருக்கும் படங்களை ஒரு புரட்டு புரட்டிவிட்டு முடிவுரைக்குத் தாவுவோம். "இழுவிசை வலிமை 40% கூடியது" என்று ஒரு வரி கண்ணில் பட்டால் அதற்கு மஞ்சள் கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவோம். நானும் சில வருஷம் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். எதோடு ஒப்பிட்டு 40% என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

இப்போது நான் முதலில் திறப்பது, பொடி எழுத்தில் யாரும் சீண்டாமல் கிடக்கும் செய்முறைப் பகுதியைத்தான். ஒரு பாலிமரின் பெயரைச் சொன்னால் அதன் குணத்தில் பாதிகூடச் சொன்னதாகாது. அதை எப்படி உலர்த்தினார்கள், எந்தச் சூட்டில் உருக்கினார்கள், எவ்வளவு வேகமாகக் குளிர்வித்தார்கள், எத்தனை நாள் அலமாரியில் வைத்திருந்து சோதித்தார்கள், இதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் குணம்.

நம்பக் கஷ்டமாக இருந்தால் பாலிஎத்திலீனையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடை பத்து லட்சத்தைத் தாண்டிய, மிக நீண்ட சங்கிலிகள் கொண்ட ஒரு வகை இருக்கிறது. அந்தத் தூளை அச்சில் போட்டுச் சூடாக்கி அழுத்தினால், செயற்கை இடுப்பு மூட்டில் வைக்கும் கிண்ணம் கிடைக்கும். அதன் மீட்சிக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, 1 கிகாபாஸ்கலைக்கூடத் தொடாது. அதே தூளைக் கரைப்பானில் சில சதவீதம் மட்டும் கரைத்து, நுண்துளை வழியே இழையாகப் பிழிந்து, கூழ்போல உறையவைத்து, பிறகு சூட்டில் பல பத்து மடங்கு நீளத்துக்கு இழுத்தால் குணகம் 100 கிகாபாஸ்கல் பக்கம் போய் நிற்கும். குண்டு துளைக்காத உடுப்பு செய்வது இந்த இழையில்தான். 1970களின் கடைசியில் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் செய்த வேலை இது. வேதியியல் மாறவே இல்லை. நீர்த்த கரைசலில் சங்கிலிகளுக்கு இடையே சிக்கு குறைவு, அதனால் இழுக்கும்போது எல்லாம் ஒரே திசையில் நீண்டு படுத்துக்கொள்கின்றன. நூறு மடங்கு வித்தியாசம், முழுக்க முழுக்கப் பதப்படுத்திய விதத்தால் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் ஜாதகம் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, கட்டுரையில் வரும் மாதிரியின் ஜாதகத்தை எழுதுங்கள். எங்கே வாங்கினார்கள் அல்லது எப்படித் தயாரித்தார்கள், எந்தத் தரம், மூலக்கூறு எடை எவ்வளவு, எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் உலர்த்தினார்கள், எக்ஸ்ட்ரூடரா (திருகால் உருக்கித் தள்ளும் இயந்திரம்) அரைப்பான் கலவையா இல்லை கரைப்பானில் கரைத்து ஊற்றிய படலமா, உருகிய நிலையில் எவ்வளவு நேரம் இருந்தது, அச்சின் சூடு என்ன, குளிர்ந்த பிறகு எங்கே எத்தனை நாள் வைத்திருந்தார்கள். கட்டுரையில் இல்லாததற்கு நேராக ஒரு கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறிகள் எங்கே குவிகின்றனவோ அங்கேதான் பிறகு முடிவுகளைச் சந்தேகத்தோடு பார்க்கவேண்டியிருக்கும்.

கரைப்பானில் கரைத்து ஊற்றிய படலம் என்றால் கூடுதல் கவனம். கொஞ்சம் கரைப்பான் உள்ளேயே தங்கிவிட்டால் அது பிளாஸ்டிசைசர் வேலை செய்யும். பொருள் மென்மையாகும், கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (கண்ணாடிபோல விறைத்திருப்பது இளகத் தொடங்கும் சூடு) இறங்கும். "எங்கள் சேர்க்கைப் பொருளால் நெகிழ்ச்சி கூடியது" என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் கூடியது குளோரோஃபார்ம் மிச்சத்தாலாக இருக்கலாம். வெற்றிட அடுப்பில் எத்தனை நாள் வைத்தார்கள் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

மூலக்கூறு எடை

இதை ஒரே ஒரு எண்ணாகக் கொடுத்திருந்தால் அது எந்தச் சராசரி என்று கேளுங்கள். சங்கிலிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. எல்லாவற்றையும் சமமாக எண்ணினால் எண்ணிக்கைச் சராசரி, கனமானதற்குக் கூடுதல் மதிப்பு கொடுத்தால் எடைச் சராசரி. இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் பரவல். சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜிபிசி கருவியில் எடுத்த எண் என்றால், பெரும்பாலும் அது பாலிஸ்டைரீனை அளவுகோலாக வைத்துச் சொன்ன ஒப்பீட்டு எண். உங்கள் பாலிமர் கரைசலில் பாலிஸ்டைரீனைப் போலவே சுருண்டிருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் ஒரே கட்டுரைக்குள் ஒப்பிட அந்த எண் பயன்படும். வேறு கட்டுரையில் ஒளிச்சிதறல் முறையில் எடுத்த எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் அளவுக்கு நீளமாகிவிட்டால், உருகிய பாலிமரின் பாகுத்தன்மை எடைச் சராசரியின் 3.4 அடுக்குக்கு ஏற்ப ஏறும் இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எடை பாதியாகக் குறைந்தால் பாகுத்தன்மை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வெறும் 10% குறைந்தாலே பாகுத்தன்மையில் 30% போய்விடும். ஆக, பதப்படுத்தும்போது சங்கிலி கொஞ்சம் அறுந்தாலும் அடுத்து வரும் எல்லா அளவீடுகளும் ஆடிப்போகும். பதப்படுத்துவதற்கு முன்னால் எடுத்த மூலக்கூறு எடையை மட்டும் கொடுத்துவிட்டுப் பின்னால் எடுத்ததைச் சொல்லாமல் விட்டிருந்தால், ஜாதகத்தில் பெரிய கேள்விக்குறி போடுங்கள்.

தண்ணீர்

என் அனுபவத்தில் பாலிமர் ஆய்வில் நடக்கும் தப்புகளில் பெரும்பங்கு தண்ணீரால் வருவதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே விழுந்திருக்கிறேன்.

பிஎல்ஏவில், அதாவது பாலிலாக்டிக் அமிலம் என்ற பாலியெஸ்டரில், செல்லுலோஸ் தூளை நிரப்பியாகக் கலந்து எக்ஸ்ட்ரூடரில் ஓட்டிக்கொண்டிருந்தோம். சுத்த பிஎல்ஏ ஓடும்போது வாயிலிருந்து இழை கெட்டியாக, ஒரே தடிமனில், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வெட்டும் கருவிவரை அறுபடாமல் போனது. செல்லுலோஸ் 10% கலந்ததும் இழை ஒல்லியாகி, தொங்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தது. திருகின் முறுக்குவிசையும் கீழே இறங்கியது. நாங்கள் சந்தோஷப்பட்டோம்! "நிரப்பி உயவுப்பொருள்போல வேலை செய்து பதப்படுத்துவதை எளிதாக்குகிறது" என்று ஒரு பத்தியே எழுதிவிட்டோம். வரைவைப் படித்த மூத்த ஆய்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "செல்லுலோஸை உலர்த்தினீர்களா?" பிஎல்ஏ குருணையை ராத்திரி முழுக்க உலர்த்தியிருந்தோம். செல்லுலோஸைப் பையைப் பிரித்து அப்படியே கொட்டியிருந்தோம். அது காற்றிலிருந்து குடித்து வைத்திருந்த ஈரம் 190 டிகிரி சூட்டில் பிஎல்ஏவின் எஸ்டர் பிணைப்புகளை வரிசையாக அறுத்துக்கொண்டிருந்தது. உயவும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பத்தி குப்பைக்குப் போனது.

எவ்வளவு கொஞ்சம் தண்ணீர் எவ்வளவு நாசம் செய்யும் என்பதை பெட் பாலியெஸ்டரை (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) வைத்துக் கணக்காகவே பார்க்கலாம். எண்ணிக்கைச் சராசரி 20,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 டன்னில் 50 மோல் சங்கிலிகள். காற்றில் திறந்து கிடந்து 0.3% ஈரம் ஏறியிருந்தால் 1 டன்னில் 3 கிலோ தண்ணீர், அதாவது சுமார் 167 மோல். ஒரு தண்ணீர் மூலக்கூறு ஒரு பிணைப்பை அறுக்கும், அறுந்த இடத்தில் ஒரு சங்கிலி இரண்டாகும். அத்தனையும் வினைபுரிந்துவிட்டால் 50 மோல் சங்கிலி 217 ஆகிவிடும், சராசரி எடை 4,600 பக்கம் விழும். அதில் பாட்டில் அல்ல, எதையுமே செய்யமுடியாது. பெட் குருணையை உருக்குவதற்கு முன்னால் ஈரத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே கொண்டுவரவேண்டும் என்று தொழிற்சாலைகள் பிடிவாதமாக இருப்பது சும்மா இல்லை.

ஆகவே படிக்கும்போது பார்க்கவேண்டியது: பாலியெஸ்டர், நைலான், பாலிகார்பனேட், பாலியுரேத்தேன் என்று ஏதாவது வந்தால் உலர்த்திய விவரம் இருக்கவேண்டும், நிரப்பியை உலர்த்திய விவரமும் இருக்கவேண்டும். அப்புறம் இன்னொன்று: ஒப்பீட்டுக்கு வைத்த சுத்தப் பாலிமரும் அதே எக்ஸ்ட்ரூடரில் அதே சூட்டில் அதே நேரம் ஓடியதா? கலவையை இரண்டு முறை உருக்கிவிட்டு, வாங்கிய குருணையை நேரே அச்சில் போட்டு ஒப்பிட்டால் அது ஒப்பீடே அல்ல. சொந்தமாக ஆய்வு செய்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். நிரப்பியே இல்லாமல் வெறும் பாலிமரைக் கலவையின் எல்லாக் கட்டங்கள் வழியாகவும் ஓட்டி ஒரு தொகுதி மாதிரி எடுத்து வையுங்கள், அலுப்பாக இருந்தாலும்.

நைலான் இதில் தனி ரகம். ஈரம் அதை அறுப்பதோடு நிற்காது, அச்சடித்து முடித்த பின்னும் உள்ளே போய் அதை மென்மையாக்கும். நைலான் 6 தண்ணீரில் ஊறினால் தன் எடையில் 9% அளவுக்குக் குடிக்கும். சாதாரண அறை ஈரப்பதத்திலேயே 2 முதல் 3% வரை ஏறிவிடும். அச்சிலிருந்து வந்த கையோடு சோதித்த நைலானும் ஒரு மாதம் மேஜைமேல் கிடந்த நைலானும் ஒரே பெயரில் இரண்டு பொருள்கள்: முன்னது விறைப்பு, பின்னது மெத்தென்று இருக்கும், குணகம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். கட்டுரையில் "உலர்ந்த நிலையில்" அல்லது "23 டிகிரி, 50% ஈரப்பதத்தில் சமநிலைப்படுத்தி" என்று இரண்டில் ஒன்று எழுதியிருந்தால் நிம்மதி. இரண்டும் இல்லையென்றால் நைலானின் எண்களைத் தாண்டிப் போய்விடுவேன்.

டிஎஸ்சி வரைபடத்தைப் படிப்பது

டிஎஸ்சி என்பது மாதிரியைச் சீராகச் சூடேற்றி, அது உள்வாங்கும், வெளிவிடும் வெப்பத்தை அளக்கும் கருவி. அதன் வரைபடத்தில் செங்குத்து அச்சின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், வெப்பம் வெளியேறுவது மேலா கீழா என்று சொல்ல. அதை முதலில் பாருங்கள். கருவிக்குக் கருவி இது மாறும். அம்புக்குறியே போடாத கட்டுரைகளும் உண்டு, அவர்களை என்ன சொல்வது.

அடுத்து, இது முதல் சூடேற்றமா இரண்டாவதா? முதல் சூடேற்றம் மாதிரியின் கடந்தகாலத்தைக் காட்டும்: அச்சில் எவ்வளவு படிகமானது (சங்கிலிகள் எவ்வளவு ஒழுங்காக அடுக்கிக்கொண்டன), எவ்வளவு நாள் கிடந்தது எல்லாம். உருக்கிக் குளிரவைத்த பின் எடுக்கும் இரண்டாவது சூடேற்றத்தில் அந்தக் கடந்தகாலம் அழிந்துபோய், பொருளின் பொதுவான இயல்பு மட்டும் தெரியும். இரண்டும் தேவைதான், வேறு வேறு கேள்விக்கு. இழுவிசைச் சோதனை செய்த டம்பெல் மாதிரியின் வலிமையை விளக்க இரண்டாவது சூடேற்றத்தின் படிகத்தன்மையைக் காட்டுகிற கட்டுரைகள் ஏராளம். உடைந்தது ஒரு பொருள், அளந்தது இன்னொன்று.

பிஎல்ஏவின் முதல் சூடேற்றத்தை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக வந்தால் 60 டிகிரிக்கு அருகில் ஒரு படி, அதுதான் கண்ணாடி நிலைமாற்றம். மாதிரி சில நாள் கிடந்திருந்தால் அந்தப் படியின் முனையில் ஒரு குட்டிக் கூம்பும் இருக்கும். 100 டிகிரியைத் தாண்டி எதிர்த்திசையில் ஒரு மேடு: சூடேறும்போதே சங்கிலிகள் படிகமாவது. பிறகு 170 டிகிரிக்கு அருகில் பெரிய உருகல் பள்ளம். இப்போது உருகல் பரப்பு கிராமுக்கு 40 ஜூல், நடுவில் வந்த மேட்டின் பரப்பு 28 ஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் படிகமான பிஎல்ஏவுக்குக் கிராமுக்கு 93 ஜூல் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 40ஐ 93ஆல் வகுத்து 43% படிகம் என்று எழுதினால் தப்பு, ஏனென்றால் உருகிய படிகத்தில் பெரும்பகுதி கருவிக்குள் சூடேறும்போது உருவானது. 28ஐக் கழிக்கவேண்டும்: 12ஐ 93ஆல் வகுத்தால் 13%. மாதிரியில் 20% நிரப்பி இருந்தால் பாலிமர் 80%தான், அதனால் இன்னொரு முறை 0.8ஆல் வகுத்து 16%. 43க்கும் 16க்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். கட்டுரையில் இந்தக் கழித்தலும் வகுத்தலும் நடந்ததா என்று படத்திலுள்ள எண்களை வைத்து நீங்களே சரிபார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

இதைத் தெரிந்துகொண்டால் இன்னொரு பொதுவான மாயமும் கலைந்துவிடும். "எங்கள் நிரப்பியால் பிஎல்ஏவின் வெப்பத்தாங்கு திறன் 60இலிருந்து 110 டிகிரிக்கு ஏறியது" என்று படித்தால், அச்சின் சூட்டைப் பாருங்கள். குளிர்ந்த அச்சில் வேகமாக உறைந்த பிஎல்ஏவில் படிகம் குறைவு, 60 டிகிரியிலேயே துவண்டுவிடும். அதையே 100 டிகிரி அச்சில் கொஞ்ச நேரம் விட்டால் படிகமாகி நன்றாகத் தாங்கும். நிரப்பி படிகமாவதை வேகப்படுத்தியிருந்தால் அது நல்ல விஷயம்தான், ஆனால் அப்போது கதை வேறு. நிரப்பியே இல்லாமல் சூடான அச்சில் வைத்த பிஎல்ஏவோடு ஒப்பிட்டார்களா என்பதுதான் கேள்வி.

கிடந்த நாட்களையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படிகமாகாத பிஎல்ஏ அறை வெப்பநிலையில் சும்மா கிடந்தாலே சில நாட்களில் மெதுவாக இறுகி, முறியும்போது நீள்வது வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு மாதிரியைச் செய்த அன்றே சோதித்து, மற்றதை இரண்டு வாரம் கழித்துச் சோதித்தால் வித்தியாசம் வராமல் என்ன செய்யும்?

வேறு கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: மாதிரியை அசைத்து விறைப்பை அளக்கும் டிஎம்ஏ கருவியில் இழப்புக் கோணத்தின் உச்சியை வைத்துச் சொல்லும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, டிஎஸ்சி சொல்வதைவிடப் பத்து டிகிரிக்கும் மேலாகவே தள்ளியிருக்கலாம். இரண்டையும் கலந்து ஒரே அட்டவணையில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். சூடேற்றி எடை குறைவதை அளக்கும் டிஜிஏவில் 5% எடை இழக்கும் வெப்பநிலை 300 டிகிரி என்றால், அந்தப் பொருளை 300 டிகிரியில் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை. அது நைட்ரஜனில், சில நிமிடங்களில் எடுத்த எண். பொருள் அதற்கு நூறு டிகிரி முன்னாலேயே உருகி ஓடியிருக்கலாம்.

வலிமை அட்டவணை

எனக்குப் பிடித்த சோதனை இது. சதவீத உயர்வைப் பார்க்காமல் முதல் வரியில் உள்ள சுத்தப் பாலிமரின் எண்ணைப் பாருங்கள். பிஎல்ஏ என்றால் இழுவிசை வலிமை 50 முதல் 70 மெகாபாஸ்கல், குணகம் 3 முதல் 3.5 கிகாபாஸ்கல் இருக்கவேண்டும். கட்டுரையின் சுத்த பிஎல்ஏ 32 மெகாபாஸ்கல் என்று நின்று, நிரப்பி சேர்த்ததும் 45 ஆகி "40% உயர்வு" என்று முழங்கினால், உயர்ந்தது ஒன்றுமில்லை. தொடக்கத்திலேயே மாதிரி சொதப்பியிருக்கிறது: குமிழி இருந்திருக்கும், ஈரத்தில் அறுந்திருக்கும், அச்சு ஒழுங்காக நிரம்பியிருக்காது. நிரப்பியோடு சேர்ந்தும்கூட அது நல்ல சுத்த பிஎல்ஏவுக்குக் கீழேதான் நிற்கிறது.

குணகத்தை எப்படி அளந்தார்கள் என்பதும் முக்கியம். ஐஎஸ்ஓ 527 தரத்தில் 0.05 முதல் 0.25% நீட்சிக்குள் குணகம் எடுக்கவேண்டும். அவ்வளவு சின்ன நீட்சியை மாதிரியிலேயே மாட்டிய நீட்சிமானியால்தான் ஒழுங்காக அளக்கமுடியும். இயந்திரத்தின் தலை நகர்ந்த தூரத்தை வைத்துக் கணக்கிட்டால் பிடிப்பான் வழுக்குவதும் இயந்திரம் வளைவதும் சேர்ந்து எண் குறைந்துபோகும்.

தாக்க வலிமையில் அலகைப் பாருங்கள். அமெரிக்கத் தரத்தில் மீட்டருக்கு ஜூல், ஐஎஸ்ஓ தரத்தில் சதுரமீட்டருக்குக் கிலோஜூல். ஐசாட் என்ற தாக்கச் சோதனைக்கான, வெட்டுப் போட்ட மாதிரியில் வெட்டுக்குக் கீழே மிச்சமிருக்கும் அகலம் 10.16 மில்லிமீட்டர் என்பதால், மீட்டருக்கு 100 ஜூல் என்பது தோராயமாகச் சதுரமீட்டருக்கு 10 கிலோஜூல். இதைக் கவனிக்காமல் இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்து "பத்து மடங்கு மேல்" என்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன்.

முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரி என்றால் எந்தத் திசையில் இழுத்தார்கள் என்று கேளுங்கள். அடுக்குகளின் வழியே இழுத்தால் ஒரு எண். அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் இழுத்தால் பாதிகூட வராமல் போகலாம்.

நானோ நிரப்பிகள்

1980களின் பிற்பகுதியில் டொயோட்டா ஆய்வகம் நைலான் 6இல் சுமார் 5% களிமண் மட்டும் சேர்த்து, சுமையின் கீழ் வளையும் வெப்பநிலையை 65 டிகிரியிலிருந்து 140க்கு மேலே கொண்டுபோனது. நானோ நிரப்பி என்றால் எல்லாருக்கும் கை அரிக்கத் தொடங்கியது அதிலிருந்துதான். ஆனால் அவர்கள் களிமண்ணைக் கொட்டிக் கிளறவில்லை. களிமண் அடுக்குகளின் பரப்பை முதலில் வேதிமுறையில் மாற்றி, ஒருமப்பொருளை (பாலிமர் சங்கிலியாக இணையும் சின்ன மூலக்கூறு) அடுக்குகளுக்கு நடுவே நுழையவைத்து, அங்கேயே பாலிமராக்கி அடுக்குகளைப் பிரித்தார்கள். வெறுமனே கொட்டிக் கலந்தால் களிமண் கட்டிகட்டியாக நின்று பொருளை உடைய வைக்கும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் அழகாகப் பரவியிருப்பதாகக் காட்டினால் மயங்காதீர்கள். அந்தப் படம் காட்டும் இடம் ஒரு மயிரிழையின் தடிமனில்கூடச் சின்னப் பகுதி. பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியும் அளவு கட்டி இருக்கலாம். குறைந்த உருப்பெருக்கப் படம் ஒன்றும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கிராஃபீன் கட்டுரைகளுக்கு ஒரு உச்சவரம்புக் கணக்கு இருக்கிறது. கிராஃபீனின் குணகம் சுமார் 1,000 கிகாபாஸ்கல். எடையில் 0.1% சேர்த்தால், அடர்த்தியைக் கணக்கில் எடுத்தபின் கனஅளவில் 0.06% பக்கம் வரும். எல்லாத் தகடும் ஒரே திசையில் கச்சிதமாகப் படுத்து, ஒட்டுதலும் முழுசாக இருந்தால்கூட அது கூட்டக்கூடியது 0.6 கிகாபாஸ்கல்தான். கட்டுரை 3இலிருந்து 6க்குப் போனது என்று சொன்னால், அந்த மிச்சம் கிராஃபீனிலிருந்து நேராக வந்திருக்க வழியில்லை. ஒன்று பாலிமரே மாறியிருக்கிறது, படிகமோ திசையமைப்போ கூடியிருக்கிறது. இல்லையென்றால் அளவீட்டில் கோளாறு. முதலாவது என்றால் அது சுவாரசியமான கட்டுரை, நிதானமாகப் படியுங்கள்.

புதுச் சொற்கள் வரும்போது

விட்ரிமர்: 2011இல் லுட்விக் லீப்லர் குழு காட்டிய வகை. பிணைந்த எப்பாக்ஸி வலையே சூட்டில் பிணைப்புகளை இடம் மாற்றிக்கொண்டு வடிவம் மாறும், ஆனால் பிணைப்பு எண்ணிக்கை குறையாது. படிக்கும்போது கேட்கவேண்டியது, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் அழுத்தினார்கள், எத்தனையாவது முறையில் வலிமை சரிகிறது, சாதாரணப் பயன்பாட்டுச் சூட்டில் சுமையின் கீழ் மெதுவாக ஊர்ந்து நீள்கிறதா. கடைசிக் கேள்வியைப் பலர் தொடுவதே இல்லை.

தானே ஆறும் பாலிமர்: 2001இல் வந்த, ஆற்றும் திரவம் அடைத்த நுண்குப்பிகள் கலந்த எப்பாக்ஸி, விரிசல் ஆறியபின் 75% வரை மீண்டது என்று சொன்னது. எதில் 75%? முறிவுக் கடினத்தன்மையில், அதாவது விரிசல் பரவாமல் தாங்கும் திறனில். இப்போது வரும் கட்டுரைகளில் "95% ஆறியது" என்றால், வலிமையா, நீட்சியா, வெறும் கீறல் மறைந்த படமா, அதற்கு எவ்வளவு சூடும் அழுத்தமும் கொடுத்தார்கள் என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு துண்டையும் சேர்த்துவைத்து ஒரு நாள் அடுப்பில் அழுத்தியிருந்தால் அதற்குப் பெயர் ஒட்டுவது.

மக்கும் பாலிமர்: எங்கே மக்கும்? பிஎல்ஏ தொழிற்சாலை உரக்குழியில், 58 டிகிரிச் சூட்டில், சில மாதங்களில் மக்கும். அதே துண்டு கடல்நீரில் வருஷக்கணக்கில் கிடக்கும். 58 டிகிரி என்பது அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையின் வாசற்படி என்பதைக் கவனியுங்கள். அங்கேதான் சங்கிலிகள் அசையத் தொடங்கும், தண்ணீர் தாராளமாக உள்ளே போகும்.

நொதி: 2016இல் ஜப்பானில் பெட்டைத் தின்னும் பாக்டீரியாவைப் பற்றிய கட்டுரை வந்தது. 2020இல் பிரெஞ்சுக் குழு ஒன்று, மாற்றியமைத்த வேறொரு நொதியால் 10 மணி நேரத்தில் பெட்டின் 90%ஐ ஒருமப்பொருளாக உடைத்துக் காட்டியது. 72 டிகிரியில், அதாவது பெட்டின் கண்ணாடி நிலைமாற்றத்துக்குப் பக்கத்தில். எல்லாரும் நொதியின் மரபணு மாற்றங்களைத்தான் பேசுகிறார்கள், அது பிரமாதமான வேலைதான். ஆனால் செய்முறைப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள்: நொதியிடம் கொடுப்பதற்கு முன்னால் பெட்டை உருக்கிச் சட்டென்று குளிர்வித்துப் படிகத்தைக் குறைத்து, பொடியாக அரைத்திருக்கிறார்கள். பாட்டிலின் இழுபட்டுப் படிகமான சுவரை அப்படியே கொடுத்தால் நொதி திணறும்.

கட்டுரையின் துணைக் கோப்பையும் கட்டாயம் இறக்கி வையுங்கள். மூல வரைபடங்கள், சரியாக வராத மாதிரிகள், அச்சின் சூடு, உலர்த்திய நேரம் எல்லாம் பெரும்பாலும் அதன் பதினைந்தாவது பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். அங்கேயும் இல்லையென்றால் தொடர்புக்குக் கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கு, ஜாதகத்தில் கேள்விக்குறி போட்ட வரிகளை மட்டும் எடுத்து, இரண்டு மூன்று கேள்வியாகச் சுருக்கி எழுதிக் கேளுங்கள். பேராசிரியர் பதில் போடாவிட்டாலும் எக்ஸ்ட்ரூடரை ஓட்டிய மாணவர் பதில் போடுவார்.